டி-சர்ட் போட்டவர்கள் மட்டும்

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. திருப்பூரில் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில், என்னோடு ஒரே பெஞ்சில் ஐந்து வருடம் படித்த ஒருத்தி, காலியாக இருந்த நாற்காலியின் மேல் தன் கைப்பையைத் தூக்கி வைத்தாள். நான் உட்காரப் போன நாற்காலி அது. "இங்க ஆள் வர்றாங்க" என்றாள். கூட்டம் முடியும்வரை யாரும் வரவில்லை. இரண்டு மணி நேரமும் பைதான் அதில் உட்கார்ந்திருந்தது. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

நானாகப் போய் மூக்கை நுழைக்கவில்லை. கூப்பிட்டதால்தான் போனேன். எங்கள் பெண்கள் பள்ளியின் முன்னாள் மாணவியர் சங்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு வந்திருந்தது. ரோஜாப்பூ படம் போட்டு, "நம் பள்ளியில் பயின்ற சகோதரிகளே, வாருங்கள், இணையுங்கள், தோள் கொடுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். யாரோ யாருக்கோ அனுப்பி, அது சுற்றிச் சுற்றி என்னிடமும் வந்தது. கீழே இருந்த லிங்கைத் தொட்டதும் அவர்களுடைய குழுவுக்குள் போய் விழுந்தேன். நல்லூரில் வீட்டுக்குக் கீழேயே எட்டு மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிறேன். அன்றைக்கு அரை நாள் யூனிட்டைப் பூட்டிவிட்டு, பட்டு கட்டிக்கொண்டு, பஸ் ஏறிப் போனேன். வேலை நாளில் பதினோரு மணிக்குக் கூட்டம் வைக்கிறார்களே, இந்த ஊரில் அந்த நேரத்துக்கு யாருக்கு ஒழிவு இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கிற வீட்டுப் பெண்களுக்குத்தான் இருக்கும். சம்பளம் வாங்குகிறவள் எவளும் அந்த ஹாலில் இல்லை.

பை வைத்தவள்தான் சங்கத்தின் செயலாளர். கணவருக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அவள் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் கணக்கை நான் பார்த்து எழுதுவேன், என் தமிழை அவள் பார்த்து எழுதுவாள். ஒருத்தியை ஒருத்தி "ஏம்புள்ளே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவில் நான் ஒரு பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனேன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை எடுத்து, நூல் வெட்டி, மடித்து அடுத்த மெஷினுக்குக் கொடுக்கிற வேலை. பத்து நாள் என்று சொல்லித்தான் போனேன். அப்பாவுக்கு உடம்பு படுத்துவிட்டது. பத்து நாள் பதினைந்து நாளாகி, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வருகைப் பதிவேட்டில் என் பெயரை டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார் என்று என்னிடம் வந்து சொன்னதும் இவள்தான். அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னாள். அதை நான் மறக்கவில்லை, அதனால்தான் அந்தப் பை இன்னும் அதிகமாக எரிந்தது.

கூட்டம் முடிந்ததும் விண்ணப்பத்தை நீட்டினேன். "படித்த ஆண்டுகள்" என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

"நீங்க பாதியில நின்னுட்டீங்கல்லங்க? படிச்சு முடிச்சவங்களுக்குத்தானுங்க சங்கம். தப்பா எடுத்துக்காதீங்க. காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க."

எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவோம். ஆனால் "ஏம்புள்ளே" என்று கூப்பிட்டவள் வாயிலிருந்து வரிசையாக அத்தனை "ங்க" வந்தபோது செருப்பைக் கழற்றி அடித்ததுபோல இருந்தது. காப்பி குடிக்கவில்லை. நான் நல்லூர் போய்ச் சேருவதற்குள் என்னைக் குழுவிலிருந்தும் நீக்கியிருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் அடங்குகிற கோபம் இல்லை. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. அந்தச் சங்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும். அந்தப் பையை அவள் கையாலேயே அவள் எடுக்க வேண்டும். இந்த இரண்டும்தான். கறுவிக்கொண்டே ஒரு வாரம் பாபின் மாற்றினேன், ஊசி மாற்றினேன், என் யூனிட்டில் இருந்த பெண்கள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

வழி காட்டியது எங்கள் மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்காரி. ஒரு அளவுப் பட்டியலைக் காப்பி எடுக்கப் போன இடத்தில், அவள் என்னவோ கேட்க, நான் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டிவிட்டேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"நானும் அந்தப் பள்ளிக்கூடந்தானுங்கக்கா. ஒம்பதாவது வரைக்கும். அந்தச் சங்கத்துப் பேப்பரெல்லாம் எங்கிட்டத்தான் காப்பி எடுக்கக் குடுத்து வுடுவாங்க. செயலாளர் வூட்டு டிரைவர் வருவாரு."

"உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"என்னையா?" என்று சிரித்தாள். பிறகு குனிந்து, வீணாய்ப் போன தாள்களைப் போடும் அட்டைப்பெட்டியைக் கிளறி, மை அதிகமாகிக் கறுத்துப்போன நாலு பக்கத்தை எடுத்தாள். சங்கத்தின் விதிமுறை. வெயிலில் பிடித்துப் பிடித்து இரண்டு பேரும் படித்தோம். உறுப்பினர் யார் என்ற இடத்தில், "இப்பள்ளியில் ஓராண்டேனும் பயின்ற பெண்கள் அனைவரும்" என்று இருந்தது. படித்து முடித்தவர் என்று ஒரு வார்த்தை இல்லை. விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் சேர்த்துக்கொண்டதாக அர்த்தம் என்று இருந்தது. வருடாந்திரப் பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். நிர்வாகிகளைக் கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். சங்கத்தை ஆரம்பித்தவர்கள் நல்ல மனுஷிகளாக இருந்திருக்க வேண்டும். பிறகு வந்தவர்கள்தான் அதைப் படிக்காமல் விட்டுவிட்டார்கள். படித்து முடித்தவர்களாம்!

நான் ஒருத்தியாகப் போய் நின்றால் மறுபடியும் காப்பி குடிக்கச் சொல்வாள். அதனால் கூட்டம் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். பாதியில் நின்றவர்களைத் தேடி ஊரெல்லாம் அலையத் தேவையில்லை. திருப்பூரில் காலை எட்டு மணிக்கு எந்தக் கம்பெனி வேனையாவது நிறுத்தி, உங்களில் யார் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டது என்று கேட்டால் வேனே கை தூக்கும்.

என் வீதியிலேயே ஒருத்தி இருந்தாள். அயர்னிங் மாஸ்டர். ஸ்டீம் அயர்ன் தூக்கித் தூக்கி இரும்பான கை, ஏழு வேனுக்குக் கேட்கிற குரல். எந்தக் கம்பெனியில் எவள் எந்தப் பள்ளியில் படித்தவள் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரே சங்கடம், அவள் வேலை பார்த்தது செயலாளரின் கணவர் கம்பெனியில். "சோலி போனாலும் போவுதுங்கக்கா, வேற கம்பெனியா இல்ல?" என்று சொல்லிவிட்டு என்னோடு இறங்கிவிட்டாள். அவளும் அந்தப் பள்ளிதான் என்று சொன்னாள். எத்தனையாவது வரை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

டீ டைமில் கம்பெனி வாசலில் நிற்போம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் தக்காளி பொறுக்குகிறவர்கள் பக்கத்தில் போய் நாங்களும் பொறுக்குவோம். பேச ஆரம்பித்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"நமக்கு எதுக்குங்கக்கா அதெல்லாம்? அவிய காருல வர்றவிய."

"போனா என்ன குடுப்பாங்க?" என்று, தைத்த துணியில் குறை தேடிச் செக்கிங் பார்க்கிற ஒருத்தி கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்புறம் ஞாயித்துக்கிழமை துணி தொவைக்கறத வுட்டுப்போட்டு எதுக்கு வரோணும்?"

பழைய நினைவு, பள்ளியின் பெருமை, நட்பு என்று ரோஜாப்பூ பேச்சையெல்லாம் முதல் இரண்டு நாள் நானும் பேசிப் பார்த்தேன். ஒருத்தியும் மசியவில்லை. மூன்றாவது நாள் அந்தச் செக்கிங்காரியிடம் உண்மையைச் சொன்னேன். நாற்காலியையும் பையையும் சொன்னேன். "உன் பேரையும் சிவப்பு மையில அடிச்சாங்கல்ல? அதுக்கப்புறம் யாராவது ஒருத்தராவது வந்து ஏன் வரலைன்னு கேட்டாங்களா? அந்தப் பள்ளிக்கூடத்துல நீ தரையக் கூட்டியிருக்கே, கொடிக்கம்பத்துக்குக் கோலம் போட்டிருக்கே. இப்ப நீ அங்க படிக்கவே இல்லைங்கறாங்க. சும்மா விடலாமா?" என்றேன். அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "ஃபாரத்தக் குடுங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் நட்பு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. வஞ்சம் என்று சொன்னால் எல்லாருக்கும் புரிந்தது.

படித்ததற்கு அத்தாட்சி வேண்டுமே. பத்துப் பத்துப் பேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போய் படிப்புச் சான்றிதழ் கேட்டோம். கிளார்க் அம்மாள் தூசி தட்டிச் சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்தார். எல்லார் பெயரும் இருந்தது. பள்ளியை விட்ட காரணம் என்ற கட்டத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் "நீண்ட நாள் வராமை" என்று எழுதியிருந்தது. பனியன் கம்பெனி என்று ஒரு இடத்திலும் இல்லை. செக்கிங்காரி தன் வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு எடுக்காமலே நின்றாள். "எங்கையெழுத்து மாதிரியே இருக்குதுங்கக்கா" என்றாள். இருக்காது, அது அந்தக் காலத்துக் கிளார்க் எழுதியது. நான் மறுத்துப் பேசவில்லை.

நாற்பத்து மூன்று விண்ணப்பம் சேர்ந்தது. அயர்ன்காரி மட்டும் சான்றிதழ் கொண்டு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "நாளைக்குங்கக்கா" என்றாள். அவளை விட்டு மற்ற நாற்பத்து மூன்றையும் சந்தாவோடு பதிவுத் தபாலில் செயலாளர் வீட்டுக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். என்னைப் போன்றவளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே பதில் என்று நினைக்கிற ஆள் அவள். முப்பது நாளை ஒவ்வொன்றாகக் காலண்டரில் அடித்தேன், சிவப்புப் பேனாவால்தான். முப்பத்தோராவது நாள் ஒரு கடிதம் எழுதினேன்: இன்னின்ன விதிப்படி நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் உறுப்பினர் ஆகிவிட்டோம், பொதுக்குழுவுக்கு அழைப்பு அனுப்பவும். விதிமுறையின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ்காரி இந்த முறை பளிச்சென்று காப்பி எடுத்துக் கொடுத்தாள்.

அழைப்பு வந்தது. அதன் கடைசி வரி: "இடப் பற்றாக்குறை காரணமாக, சங்கத்தின் டி-சர்ட் அணிந்து வரும் உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. வாக்கும் அவர்களுக்கே."

பழைய பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் செயலாளர் தன் கணவர் கம்பெனியில் டி-சர்ட் தைக்கக் கொடுத்திருந்தாள். எங்களுக்கு இல்லை. எங்களை வாசலிலேயே நிறுத்த அவள் கண்டுபிடித்த வேலி அது.

அதைப் படித்துவிட்டு நான் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். வேறு எந்த ஊரிலாவது அது நல்ல வேலியாக இருந்திருக்கும். திருப்பூரில், அதுவும் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் பெண்கள் நாற்பத்து மூன்று பேருக்கு எதிராக, டி-சர்ட்டை வைத்து ஒருத்தி வாசலை அடைக்கிறாள். அந்த வீட்டில் எத்தனை வருடமாக இந்தத் தொழில் சோறு போடுகிறது! துணியைத் தைப்பது மனுஷிகள் என்பது மட்டும் அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாளே அயர்ன்காரி துப்புக் கொண்டு வந்தாள். மெரூன் கலர், வட்டக் கழுத்து, நெஞ்சில் பள்ளியின் விளக்குப் படம். கூடவே இன்னொரு சேதி.

"அக்கா, அவிய குரூப்புல சைஸ் கேட்டிருக்காங்க. ஒருத்தியும் எக்ஸ்எல்லுனு வாயத் தொறக்கல. எல்லாரும் மீடியம், மீடியம்னு போட்டுட்டாங்களாம். எங்க ஆபீஸ்ல என்ன பண்ணியிருக்காங்க தெரியுங்களா? போன மாசம் வெளிநாட்டுக்கு ஒரு ஆர்டர் போச்சுங்க, சின்னப் பொண்ணுங்களுக்கு, ஒடம்போட ஒட்டுற மாடல். அந்த மீடியம் அளவ அப்படியே போட்டுக் கட்டிங் குடுத்துட்டாங்க. நாந்தான் அயர்ன் பண்ணேன். எம்புள்ளைக்கே பத்தாதுங்க. சொல்லீரட்டுங்களா?"

சொல்லியிருக்கலாம். இன்னும் நாள் இருந்தது, மாற்றித் தைத்திருப்பார்கள். "நீ உன் வேலையைப் பாரு. மீடியம் கேட்டாங்க, மீடியம் குடுத்தாச்சு" என்றேன். இதற்காக எனக்கு வருத்தம் வந்ததா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.

பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் யூனிட்டில் நிற்க இடமில்லை. அதே மெரூன் துணியை நான் வாங்கி வைத்திருந்தேன். ஜெராக்ஸ்காரியின் கணவரிடம் துணியில் படம் அச்சடிக்கிற பிரிண்டிங் டேபிள் இருந்தது, விளக்குப் படத்துக்கு ஸ்கிரீன் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒருத்தி டேப்பை எடுத்து ஒவ்வொருத்தியாக அளந்தாள். இடுப்புக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, அக்குளில் விரல் நுழைகிற அளவு தளர்ச்சி. பிழைப்பு முழுக்க யாரோ ஒருத்தருடைய அளவுக்குத் தைத்தவர்கள் தங்கள் உடம்புக்குத் தைத்துக்கொண்டார்கள். கட்டிங் பெண் நாற்பத்து மூன்றையும் தனித்தனியாக வெட்டினாள். அப்படி வெட்டினால் எந்தக் கம்பெனியிலும் திட்டுவார்கள். தோள் சேர்க்க ஒருத்தி, கழுத்து ஏற்ற ஒருத்தி, கீழ் மடிக்க ஒருத்தி என்று லைன் தானாக அமைந்துவிட்டது. செக்கிங்காரி ஒரு நூல் துணுக்கைக்கூட விடவில்லை. மூன்று பீஸைப் பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். "இதுல ரிஜெக்ட் வரக்கூடாதுங்க" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

அயர்ன்காரி எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கினாள். நாற்பத்து நாலாவதாக ஒன்று இருந்தது. அவளுக்கு. அதை மட்டும் இரண்டு தடவை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சான்றிதழ் எங்கே?" என்றேன்.

அயர்னைத் தாங்கியில் வைத்தாள். "நான் ஆறாவதுல ஏழு மாசந்தானுங்கக்கா. பொங்கலுக்கு லீவு வுட்டாங்க, அதோட போகல. ஒரு வருசம் ஆகோணும்ல? ஆபீசுல போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"உன்னை யாரு கணக்குப் பாக்கப் போறா? போட்டுட்டு வா."

"வேண்டாமுங்க. நான் பொய் சொல்லி உள்ள வந்து, அவிய கண்டுபுடிச்சா, உங்க நாப்பத்து மூணு பேரு மொகமும் போயிரும். நான் வெளிய கேட்டுப் பக்கத்துல நின்னுக்கறேன்."

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. கூட்டம் சேர்த்தவளே அவள். வேலையைப் பணயம் வைத்தவள் அவள். அந்த ஓராண்டு என்ற வார்த்தையை நான் நாற்பத்து மூன்று விண்ணப்பத்திலும் அடிக்கோடு போட்டுக் காட்டியிருந்தேன். அதே வார்த்தை அவளை வெளியே நிறுத்தியது.

பொதுக்குழு நாளும் வந்தது. பள்ளி வாசலில் செயலாளரின் கம்பெனி வாட்ச்மேன் நின்றிருந்தார். தினமும் வேனில் வந்து இறங்கும் முகங்கள் மெரூன் டி-சர்ட்டில் வரிசையாக நடந்து வந்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. டி-சர்ட் இருந்தால் விடு என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். விட்டார். காரில் வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். சுடிதாருக்கு மேல் எப்படியோ நுழைத்துக்கொண்டவர்கள் கையை உடம்போடு சேர்த்து வைத்தபடி இறங்கினார்கள். நாலைந்து பேர் தலையே நுழையாமல் சேலையில் வந்து, டி-சர்ட்டைக் கையில் பிடித்திருந்தார்கள். வாட்ச்மேன் அவர்களை உள்ளே விடப் போனார்.

"அண்ணா, டி-சர்ட் போட்டவங்க மட்டும்தானுங்களே?" என்று நான் கேட்டேன்.

நிறுத்திவிட்டார். வெயிலில் அவர்கள் நின்றார்கள். அவர்கள் என்னை எதுவும் செய்ததில்லை. ஆனாலும் நிற்கட்டும் என்று இருந்தது. பத்து நிமிடம் கழித்துச் செயலாளரே வெளியே வந்தாள். அவளும் மீடியம்தான். பழைய நட்பில் பார்த்தால் பரிதாபமாக இருந்திருக்கும். எங்கள் நாற்பத்து மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "எல்லாரையும் உள்ள வுடுங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

அயர்ன்காரி டி-சர்ட் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். சொன்னபடி உள்ளே வரவில்லை.

நாங்கள் பிரேயர் நடத்திய அதே ஹால். எங்களில் பலர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். தேர்தல் வந்ததும் ஜெராக்ஸ்காரி எழுந்து என் பெயரைச் செயலாளராகச் சொன்னாள். எதிரே பை வைத்தவளின் பெயர். எங்கள் பக்கம் கை எழுந்தபோது நாற்பத்து மூன்று கையும் நேராக, காதைத் தொட்டு நின்றது. அவர்கள் பக்கம் இருபத்தேழு பேர். டி-சர்ட் போட்டவர்கள் கை தோளுக்கு மேல் போகவில்லை. போனால் அக்குள் தையல் பிரிந்துவிடும். எண்ணிக்கையில் சந்தேகமே இல்லை. நான் மேடைக்குப் போய் உட்கார்ந்தேன். அவள் இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள். பழக்கம் போலிருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நாற்காலி மட்டும் கிடைத்திருக்கும். அவள்தான் எழுந்தாள்.

"புதுச் செயலாளருக்கு வாழ்த்துங்க. ஒரு சின்னச் சந்தேகமுங்க. கேட்டுல ஒருத்தவங்க நம்ம டி-சர்ட் போட்டுட்டு நிக்கறாங்க. எங்க கம்பெனியிலதான் இருக்கறாங்க, எனக்குத் தெரியும். ஆள் சேத்தது இவங்கதான்னு கேள்விப்பட்டு முன்னாடியே ரிஜிஸ்டர்ல பாத்து வெச்சேனுங்க, ஏழு மாசந்தான் படிச்சிருக்காங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே? அந்த டி-சர்ட்ட வாங்கி வெச்சுரலாமுங்களா?"

என் கையில் அந்த விதிமுறைத் தாள் இருந்தது. இத்தனை மாதமாக நான் ஆட்டிக்கொண்டிருந்த தாள். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் சட்டத்தைச் சொல்லி அயர்ன்காரியை அனுப்பினால், அவளும் நானும் ஒன்று. அதைப் பார்க்கத்தான் அவள் எழுந்திருக்கிறாள்.

தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். கூடியிருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் கை தூக்கினால் விதியை மாற்றலாம் என்று இருந்தது. எழுந்து நின்று சொன்னேன்: "ஓராண்டேனும் என்கிறதை எடுத்துட்டு, ஒரு நாளேனும் என்று போடலாம்னு தீர்மானம் கொண்டு வர்றேனுங்க. சம்மதம் இருக்கறவங்க கை தூக்குங்க."

எங்கள் நாற்பத்து மூன்றும் எழுந்தது. மொத்தம் எழுபது பேர். நாற்பத்தேழு வேண்டும். நாலு கை குறைந்தது. அந்த நாலு கையும் எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்து நாலைந்து பேரை நான் இப்போதுதான் வெயிலில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன். வாசலில் ருசித்தது இப்போது கசந்தது. ஒருத்தியும் அசையவில்லை. எங்கள் ஆட்கள் கையை இறக்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பழைய செயலாளர் இன்னும் சிரிப்பை மாற்றவில்லை.

அப்போது மூன்றாவது வரிசையில் பர்ரென்று ஒரு சத்தம். கொஞ்சம் பருமனான ஒரு அம்மாள், காரில் வந்தவர், கையை முழுசாகத் தூக்கிவிட்டார். அக்குளிலிருந்து இடுப்புவரை தையல் போய்விட்டது. "போவுது சனியன், மூச்சே வுட முடியல" என்றார். ஹாலே சிரித்தது. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பர்ர். சேலையில் இருந்த நாலைந்து பேருக்குக் கை தூக்க ஒரு தடையும் இல்லை. என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அப்புறம் தூக்கினார்கள். ஐம்பது வரை எண்ணினேன். பழைய செயலாளரின் கை மடியிலேயே இருந்தது.

அயர்ன்காரிக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நான் அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்ததாகப் பிறகு எல்லாரும் பேசினார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் எழுந்து நின்றபோது அவள் சிரிப்பை அழிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. அது அழிந்தது.

ஜெராக்ஸ்காரி ஓடிப்போய் அயர்ன்காரியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள், வகுப்புக்குள் வருவதுபோல. விண்ணப்பத்தை நானே எழுதினேன். படித்த காலம், ஏழு மாதம். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார இடம் தேடினாள். ஹாலில் எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் ஒன்றைத் தவிர.

நான் மைக்கை வாயருகே கொண்டு போனேன்.

"ஏம்புள்ளே, கொஞ்சம் பையை எடு. ஆள் வந்துட்டாங்க."

முப்பது வருடத்துக்குப் பிறகு அவளை நான் அப்படிக் கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வெறும் காலோடு நின்றவளைப் பார்த்தாள். பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.